சிறிய தீவின் பெரிய கவலை

பெரிய நாடுகளுக்கு நடுவே ஒரு சிறிய தீவு தன்னை எப்படித் தற்காத்துக்கொள்ளும்? விடை தேடி வெகு தூரம் போக வேண்டாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் போதும்.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி, கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் சிங்கப்பூரின் பிரிவினையை அறிவித்தார். அன்று அத்தீவிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். மலேசியா அமைந்ததை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்பிரண்டாசி மோதலும் அப்போது ஓயவில்லை. அவ்வாண்டு மார்ச்சில்தான் சிங்கப்பூர் மெக்டோனல்ட் மாளிகையில் வெடித்த குண்டு மூவரைப் பலிகொண்டிருந்தது.

தீவுக்குப் பின்வாங்க இடமில்லை. தாக்க நினைப்பவனுக்கு 'இது கட்டுப்படியாகாது' என்று உணர்த்துவதே ஒரே வழி. அதற்காக 1967இல் கட்டாயத் தேசியச் சேவை வந்தது. சேவையை முடித்தவர்களும் அழைத்தால் வரவேண்டும். அதனால் சிறிய மக்கள்தொகையும் பெரிய படையாகிறது.

அடுத்தது நட்பு. 1971இல் உருவான ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாட்டில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடன் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்தே இருக்கின்றன. அண்டை வீட்டாரே காவலுக்கும் பங்காளி!

மூன்றாவது தண்ணீர். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம்; அது 2061இல் முடியும். அடுத்த வீட்டுக் குழாயை நம்பியிருப்பவருக்குத் துப்பாக்கி மட்டும் போதாது. எனவே 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' எடுக்கிறார்கள். 2005 முதல் கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள்.

நான்காவது சட்டம். பத்து பூத்தே தீவு யாருக்கு என்ற வழக்கில் 2008இல் அனைத்துலக நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள நடுப்பாறைகளை மலேசியாவுக்கும் அளித்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பாலத்தின் அக்கரையிலும் சொந்தங்கள் உண்டு. சண்டை வராமல் காப்பதே சிறந்த தற்காப்பு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.