கிரேசி குயில்ட்

கிரேசி குயில்ட் என்பது ஒழுங்கற்ற வடிவங்களில் வெட்டிய துணித் துண்டுகளை ஓர் அடித்துணியின் மேல் பொருத்தி, துண்டுகள் சேரும் இடங்களில் கைப்பூத்தையல் போட்டு அலங்கரிக்கும் ஒட்டுத்துணி வேலையாகும். 1880களில் அமெரிக்க வீடுகளில் இது பெரும் மோகமாகப் பரவியது. இன்றும் பல நாடுகளில் தலையணை உறை, கைப்பை, சுவர் அலங்காரம், நினைவுப் போர்வை ஆகியவற்றை இம்முறையில் வீட்டிலேயே செய்கின்றனர்.

ஆங்கிலத்தில் 'கிரேசி' என்றால் கிறுக்குத்தனமான என்று பொருள். பீங்கான் பாத்திரங்களின் மெருகுப் பூச்சில் விழும் மெல்லிய விரிசல்களைக் குறிக்கும் 'கிரேஸ்' என்ற சொல்லும் இதற்கு நெருங்கியது. பல கோணங்களில் வெட்டுண்ட துண்டுகள் நெருங்கி அமைந்த குயில்ட், விரிசல் விட்ட பீங்கானைப் போலவே தோன்றும்.

அமைப்பு

வழக்கமான குயில்ட்டில் மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே பின்துணி என மூன்று அடுக்குகள் உண்டு. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத் தையல்தான் அதைக் குயில்ட் ஆக்குகிறது. கிரேசி குயில்ட்டில் பெரும்பாலும் பஞ்சும் இராது, ஊடுருவும் தையலும் இராது. மேல்பகுதியையும் பின்துணியையும் ஆங்காங்கே நூல் முடிச்சிட்டு இணைப்பதோடு சரி. குளிருக்குப் போர்த்திக்கொள்வதற்காக இது உருவாகவில்லை. கூடத்துச் சோபாவின் மேலும் பியானோவின் மேலும் விரித்து விருந்தினருக்குக் காட்டவே செய்யப்பட்டது.

இதன் பலம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அடித்துணியில் இருக்கிறது. சாதாரண ஒட்டுத்துணி வேலையில் ஒரு துண்டு அடுத்த துண்டோடு மட்டும் இணைகிறது. எனவே எல்லாத் துண்டுகளும் ஒரே கனமுள்ள துணியாக இருப்பது நல்லது. கிராஸாக வெட்டிய துண்டு இழுபட்டு வடிவம் கெடும். கிரேசி குயில்ட்டில் ஒவ்வொரு துண்டும் அடித்துணியோடு சேர்த்துத் தைக்கப்படுவதால் இழுபடுவதற்கு இடமில்லை. வெல்வெட்டும் மெல்லிய பட்டும் நாடாவும் பருத்தியும் அருகருகே அமைய முடிவது இதனால்தான்.

வரலாறு

ஏழைக் குடியேறிகள் கந்தல் துணிகளைச் சேர்த்துத் தைத்ததே கிரேசி குயில்ட்டின் தொடக்கம் என்றும், அமெரிக்கக் குயில்ட்டுகளிலேயே இதுதான் மிகப் பழையது என்றும் ஒரு கருத்து நெடுங்காலம் நிலவியது. கிடைக்கும் சான்றுகள் இதற்கு மாறாக உள்ளன. பட்டும் வெல்வெட்டும் கொண்டு செய்த இந்த வகை, 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில், ஓய்வு நேரமும் ஓரளவு வசதியும் இருந்த குடும்பங்களில் வளர்ந்தது.

1876இல் பிலடெல்பியா நகரில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடைபெற்றது. மே மாதம் முதல் நவம்பர் வரை ஏறத்தாழ 1 கோடிப் பேர் அதைப் பார்த்தனர். அங்கு வைக்கப்பட்ட ஜப்பானியப் பீங்கான்களும் கலைப்பொருட்களும் இருபுறமும் சமமாக அமையாத வடிவமைப்பின் அழகை அமெரிக்கர்களுக்குக் காட்டின. 1872இல் லண்டனில் தொடங்கப்பட்ட அரச கலைத்தையல் பள்ளியின் பூவேலைகளும் அதே கண்காட்சியில் இடம்பெற்றன. ஜப்பானியக் கோணல் வடிவமும் ஆங்கிலேயக் கைத்தையலும் சேர்ந்து கிரேசி குயில்ட்டுக்கு வழிவகுத்தன. இந்தியானா மாநிலத்தில் தாமர் நார்த் என்ற பெண் ஏறத்தாழ 1877இல் செய்த குயில்ட் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. நமக்குக் கிடைத்தவற்றுள் முற்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

இம்மோகம் பரவியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. நியூஜெர்சியின் பேட்டர்சன் போன்ற நகரங்களில் பட்டாலைகள் பெருகி, பட்டின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது. 1856இல் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த பின் துணிகளில் புதிய நிறங்கள் வந்தன. பட்டு வெட்டுத்துணிகள் பொட்டலமாக அஞ்சல் வழி விற்கப்பட்டன. மகளிர் இதழ்கள் மாதிரிகளை அச்சிட்டன. துளையிட்ட காகிதத்தின் மேல் பொடியைத் தேய்த்துப் படத்தைத் துணியில் இறக்கும் முறையால், வரையத் தெரியாதவர்களும் பூவேலை செய்ய முடிந்தது.

துண்டுகளின் மேல் தைக்கப்பட்ட உருவங்கள் அந்தக் காலத்தைக் காட்டுகின்றன. நற்பேறு தரும் எனக் கருதிய சிலந்தி வலை, ஜப்பானிய விசிறி, ஆந்தை ஆகியவை அடிக்கடி வரும். குழந்தை நூல்களுக்குப் படம் வரைந்த ஆங்கிலேய ஓவியர் கேட் கிரீன்அவேயின் தொப்பி அணிந்த சிறுமிகளும் பல குயில்ட்டுகளில் உண்டு. 1882இல் ஆஸ்கார் வைல்டு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து அழகியல் பற்றிப் பேசிய காலத்தில் சூரியகாந்தியும் லில்லியும் புகழ்பெற்றன. திருமண உடையின் துண்டு, இறந்த குழந்தையின் சட்டை, தேர்தல் நாடா, சுருட்டுக் கட்டைச் சுற்றிய மஞ்சள் நாடா, பெயரின் முதலெழுத்துகள், தேதி என வீட்டின் நினைவுகள் ஒரே துணியில் இடம்பெற்றன.

1890களில் நகரங்களில் மோகம் தணிந்தது. கிராமங்களில் கம்பளி, பருத்தித் துண்டுகளைக் கொண்டு அன்றாடப் பயன்பாட்டுக்கான எளிய கிரேசி குயில்ட்டுகளைச் செய்வது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

பட்டு இற்றுப்போவது ஏன்?

பழைய கிரேசி குயில்ட்டுகளில் ஒரு விந்தையைக் காணலாம். அருகிலுள்ள பருத்தியும் வெல்வெட்டும் மேலே போட்ட பூத்தையலும் நன்றாக இருக்க, ஒரு பட்டுத் துண்டு மட்டும் நீளக் கீறல்களாகப் பிளந்து தூளாக உதிர்ந்துகொண்டிருக்கும். கையால் தொடாமல் பெட்டியில் வைத்திருந்ததும் இப்படி ஆகிறது.

பட்டுநூலின் மேல் செரிசின் என்ற பசை இயற்கையாக இருக்கும். அதை நீக்கினால்தான் பட்டு மென்மையும் பளபளப்பும் பெறும். நீக்கும்போது எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. பட்டு எடைக்கு விற்கப்பட்டதால் இழந்த எடையை ஈடுசெய்ய உற்பத்தியாளர்கள் உலோக உப்புகளை ஏற்றினர். கறுப்புப் பட்டில் இரும்பு உப்பும் டானினும், பின்னர் மற்ற நிறங்களில் வெள்ளீய உப்பும் பயன்பட்டன. பல சமயங்களில் இழந்த எடைக்கு மேலாகவும் ஏற்றினர். அத்தகைய துணி கனமாகவும் விறைப்பாகவும் இருந்து, நடக்கையில் சரசரவென்று ஒலித்ததால் உயர்ந்த சரக்காகத் தோன்றியது. ஆனால் உலோக உப்பு ஒளியோடும் காற்றோடும் சேர்ந்து இழையை அரித்துவிடுகிறது. துவைத்தாலும் இது நிற்காது.

நினைவைக் காக்கவென்று விலையுயர்ந்த துணியைத் தேர்ந்தவர்களின் வேலையே முதலில் அழிகிறது. கிராமத்துப் பருத்தி, கம்பளிக் குயில்ட்டுகள் பல இன்னும் உறுதியாக உள்ளன. வீட்டில் நினைவுப் போர்வை செய்ய விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பழைய பட்டுப்புடவையைப் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நெடுநாள் மடிப்பிலேயே இருந்த புடவை மடிப்புக்கோட்டில் இற்றிருக்கும். மற்ற இடங்களை இரு கட்டைவிரல்களுக்கு இடையே பிடித்து மெதுவாக இழுத்தால், நல்ல பட்டு தாங்கும்; இற்ற பட்டு மெல்லிய ஓசையுடன் கீறும். இற்ற பகுதியைத் தைக்கக் கூடாது. ஊசி குத்தும் ஒவ்வொரு துளையும் புதிய கிழிசலாகும். நன்றாக உள்ள பகுதியை மட்டும் வெட்டி, பின்புறம் மெல்லிய பருத்தித் துணி வைத்துச் சேர்த்துத் தைத்தால் பட்டுக்குத் தாங்கல் கிடைக்கும்.

சாயம் போகுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்து, நிறம் ஒட்டினால் அத்துண்டைத் தவிர்ப்பது நல்லது. அடித்துணிக்குத் துவைத்து இஸ்திரி போட்ட காடாத் துணி ஏற்றது. துவைக்காமல் பயன்படுத்தினால் பின்னர் அது சுருங்கி மேல்பகுதி உப்பிக்கொள்ளும்.

செய்முறை

முதல் முயற்சிக்கு 12 அங்குலச் சதுரம் ஒன்று போதும். தலையணை உறையின் முன்பக்கமாக அதைப் பயன்படுத்தலாம்.

1. அடித்துணியை 14 அங்குலச் சதுரமாக வெட்டவும். பூத்தையல் துணியைச் சற்று உள்ளிழுக்கும் என்பதால் நான்கு பக்கமும் 1 அங்குலம் கூடுதலாக விட வேண்டும்.

2. ஐந்து பக்கங்கள் கொண்ட ஒரு துண்டை வெட்டி, அடித்துணியின் நடுவுக்குச் சற்று விலகி, நல்ல பக்கம் மேலே இருக்குமாறு வைக்கவும்.

3. இரண்டாவது துண்டை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு முதல் துண்டின் ஒரு விளிம்பில் வைத்து, கால் அங்குலம் விட்டு அடித்துணியோடு சேர்த்துத் தைக்கவும். பிறகு அதைப் புரட்டி இஸ்திரி போடவும்.

4. இவ்வாறே ஒவ்வொரு விளிம்பிலும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே செல்லவும். ஒவ்வொரு முறையும் மிகுதியை நேர்க்கோட்டில் வெட்டினால் அடுத்த துண்டு எளிதாகப் பொருந்தும்.

5. லேஸ், நாடா வைப்பதானால் பூத்தையலுக்கு முன்பே தைத்துவிட வேண்டும். அவற்றின் முனைகள் தையலுக்குள் மறையும்.

6. எல்லா இணைப்புகளின் மேலும் பூத்தையல் போட்டு, வெற்றுத் துண்டுகளில் உருவங்களைத் தைக்கவும். மணி, பொத்தான் ஆகியவற்றைக் கடைசியில் சேர்க்கவும். முன்பே தைத்தால் வளையத்தில் துணியைப் பூட்ட முடியாது, நூலும் சிக்கும்.

7. தையல் உறைக்குள் போவதற்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு 13 அங்குலச் சதுரமாக வெட்டிப் பின்துணியோடு இணைக்கவும்.

பூப்போட்ட துண்டுகள் மட்டும் அமைந்தால் தையல் எடுத்துக்காட்டாது. வெற்றுத் துணி பாதியளவாவது இருப்பது நல்லது. அருகருகே ஒரே நிறம் வருவதையும், மிகக் குறுகிய கீற்றுகள் அமைவதையும் தவிர்க்க வேண்டும். கண்ணுக்கு ஒழுங்கில்லாமல் தோன்றுவது உண்மையில் ஒவ்வொரு துண்டிலும் எடுத்த முடிவின் விளைவு.

இணைப்புத் தையல்கள்

ஆறிழைப் பூத்தையல் நூலில் இரண்டு அல்லது மூன்று இழைகளைப் பிரித்துப் பயன்படுத்துவது வழக்கம்.

இறகுத் தையல்: இணைப்புக்கோட்டில் ஊசியை மேலே எடுத்து, சற்று வலப்புறம் குத்தி, நடுவே கீழே எடுத்து, நூலை ஊசிக்கு அடியில் வைத்து இழுக்க வேண்டும். அடுத்த முறை இடப்புறம். மாறி மாறிப் போட, கிளைவிட்ட கொடிபோல் அமையும். கிரேசி குயில்ட்டில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

மீன்முள் தையல்: இணைப்பின் இருபுறமும் இரு கோடுகளைக் கற்பனை செய்துகொண்டு, இடமிருந்து வலமாக மேல்கோட்டில் ஒரு சிறிய பின்னோக்கிய தையலும் கீழ்க்கோட்டில் ஒன்றும் மாற்றிப் போட வேண்டும். நூல்கள் குறுக்கிடும் இடங்களில் வேறு நிறத்தில் சிறு தையல் போட்டால் தோற்றம் மாறிவிடும்.

கம்பளித் தையல்: விளிம்பை ஒட்டிச் சீப்புப்பல் போல் வரும். பல்லின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் விசிறி வடிவம் ஆக்கலாம்.

சங்கிலித் தையல், காம்புத் தையல், பிரெஞ்சு முடிச்சு ஆகியவை உருவங்களுக்கும் துணை அலங்காரத்துக்கும் பயன்படும். தேர்ந்தவர்கள் ஓர் இணைப்பின் மேல் முதலில் ஓர் அடிப்படைத் தையலும், அதன் முனைகளில் சிறு இதழ்களும், இறுதியில் முடிச்சுகளும் என மூன்று அடுக்காகப் போடுவர். மூன்று நான்கு தையல்கள் மட்டும் தெரிந்திருந்தாலும் இப்படி அடுக்குவதால் பல மாதிரிகள் கிடைக்கும்.

பாதுகாத்தல்

பட்டுள்ள பழைய கிரேசி குயில்ட்டைத் துவைக்கக் கூடாது. பல வகைத் துணிகள் வெவ்வேறு அளவில் சுருங்கும், சாயம் கலக்கும், இற்ற பட்டு நீரின் எடையிலேயே கிழியும். வெயில் படும் சுவரில் மாட்டுவதும் கெடுதல். அருங்காட்சியகங்களில் இத்தகைய துணிகளுக்கு ஒளி அளவை 50 லக்ஸுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். பிளவுபட்ட துண்டை அகற்றுவதற்குப் பதிலாக, அதன் மேல் அதே நிறமுள்ள மிக மெல்லிய வலைத்துணியை வைத்து, சுற்றியுள்ள உறுதியான துணியில் தைத்து மூடுவது நல்லது. பழைய துண்டும் அங்கேயே இருக்கும், உதிர்வதும் குறையும்.

வைத்திருக்கும்போது பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது. மடிப்பதானால் சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்ற வேண்டும். பாச்சை உருண்டை துணியின் மேல் நேரே படக் கூடாது.

பழைய குயில்ட்டுகள் பலவற்றில் முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன. அவை யாருடையவை என்பதை இன்று அறிய வழியில்லை. எனவே புதிதாகச் செய்வோர் பின்துணியில் தம் முழுப்பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தைத்துவிடலாம். எந்தத் துண்டு யாருடைய உடை என்பதை ஒரு தாளில் படமாக வரைந்து குறித்துக் குயில்ட்டோடு வைப்பதும் பயனுள்ளது. ஒரு துண்டு இற்றுப்போனாலும் அது யாருடையது என்ற செய்தி அதனால் நிலைக்கும்.