மிகைப்பரிமாணச் சரக்குப் போக்குவரத்து அனுமதி

மிகைப்பரிமாணச் சரக்குப் போக்குவரத்து அனுமதி என்பது, சட்டம் வரையறுத்த நீளம், அகலம், உயரம் அல்லது எடையை மீறுகின்ற, பகுதிகளாகப் பிரிக்க இயலாத ஒரு பொருளைச் சாலை வழியே கொண்டு செல்வதற்கு வழங்கப்படும் சிறப்பு அனுமதி ஆகும். லாரித் தொழிலில் இத்தகைய சரக்கு ஓ.டி.சி. என்று அழைக்கப்படுகிறது. மின்மாற்றிகள், கொதிகலன்கள், காற்றாலை இறகுகள், பாலங்களுக்கான உத்திரங்கள் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இந்தியாவில் இத்தகைய சரக்கு மாநில எல்லையைக் கடக்கும்போது பல அலுவலகங்களில் தனித்தனியே அனுமதி பெற வேண்டியுள்ளது. இவ்விதிகளை ஒருமுகப்படுத்துவதில், பாலங்களின் தாங்குதிறனுக்கு யார் பொறுப்பேற்பது என்பதே முதன்மைச் சிக்கலாக உள்ளது.

அளவு வரம்புகள்

நடுவண் மோட்டார் வாகன விதிகள், 1989இன் 93ஆம் விதி வாகனங்களின் பரிமாணங்களை வரையறுக்கிறது. வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்கு மிகக் கூடாது. அச்சுகளின் மீதான சுமையை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 58ஆம் பிரிவின் கீழ் நடுவண் அரசு அறிவிக்கிறது. 2018 சூலையில் இவ்வரம்புகள் உயர்த்தப்பட்டன. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், வாகனத்தின் மொத்த எடைக்கான உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னாகவும் ஆயின. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எடை வரம்பை மீறினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கப்படும்.

சாலையும் பாலமும்

பெரிய மின்மாற்றி ஒன்று மட்டுமே 150 டன்னுக்கு மேல் எடை கொண்டிருக்கலாம். எனவே அது பல அச்சுகள் கொண்ட நீரழுத்த டிரெய்லரில் ஏற்றப்படுகிறது. நீரழுத்த அமைப்பு எடையை எல்லா அச்சுகளுக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கிறது. இதனால் சாலையின் மேற்பரப்புக்கு ஏற்படும் சேதம் குறைகிறது. ஆனால் பாலம், இரு தூண்களுக்கு இடையே நிற்கும் அனைத்து அச்சுகளின் சுமையையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். அச்சுகளைக் கூட்டுவதால் மட்டும் இச்சுமை அதே அளவில் குறைவதில்லை.

பாலங்களின் வடிவமைப்புச் சுமையை இந்தியச் சாலைப் பேராயம் வகுக்கிறது. அதன் 70ஆர் வகையில் சக்கர வாகனத்தின் எடை 100 டன் எனக் கொள்ளப்படுகிறது. பின்னர் 385 டன் எடையுள்ள சிறப்பு வாகனம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. பழைய பாலங்கள் பல இவற்றினும் குறைந்த சுமைகளுக்காகக் கட்டப்பட்டவை. எனவே பாலத்தில் வேறு வாகனம் இல்லாதபோது, அதன் நடுப்பகுதியில், நிற்காமல் மிக மெதுவாகக் கடக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் விதிக்கப்படுகின்றன.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை இப்பொருளை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் நடுவண் பட்டியலிலும், பிற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலிலும், மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலிலும் உள்ளன. ஆகவே ஒரே பயணத்தில் வாகனத்துக்கு ஓர் அதிகாரியும், சாலைக்கு வேறோர் அதிகாரியும் பொறுப்பாகின்றனர்.

சென்னையின் மேற்குப் புறநகர்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டிலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. அம்பத்தூரில் செய்யப்பட்ட 4 மீட்டர் அகலமுள்ள கலன் ஒன்று ஆந்திரப் பிரதேசத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். தொழிற்பேட்டையை ஒட்டிய உட்சாலைகளில் மாநகராட்சிக்கு உரியவையும் உண்டு. ஆவடி, திருவள்ளூர், திருத்தணி வழியே செல்லும் பழைய தே.நெ. 205, இப்போது தே.நெ. 716 ஆகும். பூந்தமல்லி வழியாகப் பெங்களூரு செல்லும் தே.நெ. 48உம் தேசிய நெடுஞ்சாலையே. இவ்விரண்டையும் இணைக்கும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாநில அரசுக்கு உரியது. இருப்புப்பாதையைக் கடக்கும் இடங்களில் இரயில்வேயின் ஒப்புதலும் தேவைப்படலாம். இவ்வாறு 100 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் பல அமைப்புகளின் ஒப்புதலைப் பெற்று மாநில எல்லையை அடைந்தபின், ஆந்திரத்தின் சாலைகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆவடியில் உற்பத்தியாகும் அர்ச்சுன் பீரங்கி வண்டியின் முதல் வகை சுமார் 58.5 டன் எடை கொண்டது. வணிகம் சாராத அரசுப் பணிக்கான நடுவண் அரசு வாகனங்களுக்குச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. எனினும் பாலத்தின் தாங்குதிறன் இவ்விலக்கால் மாறுவதில்லை.

2018–19ஆம் ஆண்டு சிலைப் பயணம்

எல்லை கடந்த பெருஞ்சுமைக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு, திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி அருகிலுள்ள கொரக்கோட்டையிலிருந்து பெங்களூரு ஈஜிபுரா கோதண்டராமசாமி கோயிலுக்குச் சென்ற பெருமாள் சிலை ஆகும். 300 டன்னுக்கும் மேற்பட்ட இக்கல், 240 சக்கரங்கள் கொண்ட டிரெய்லரில் 2018 திசம்பரில் புறப்பட்டு 2019 சூனில் பெங்களூரை அடைந்தது. வழியில் சில கட்டடங்களின் பகுதிகள் இடிக்கப்பட்டன. பாலங்களைத் தவிர்க்கத் தற்காலிக மண்பாதைகள் அமைக்கப்பட்டன. சாதாரண லாரி ஒரே நாளில் கடக்கும் தொலைவுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின.

ஒருமுகப்படுத்தும் முயற்சிகள்

வழக்கமான சரக்கு வண்டிகளுக்கு இச்சிக்கல் பெருமளவு தீர்ந்துள்ளது. முன்னர் தேசிய பெர்மிட் பெறுவோர் மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்தினர். 2010 மே மாதம் முதல் ஒரே ஒருங்கிணைந்த கட்டணம் நாடு முழுமைக்கும் போதுமானதாயிற்று. மிகைப்பரிமாணச் சரக்குக்கு, தேசிய நெடுஞ்சாலைகளைப் பொறுத்தவரை, நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சு இணையவழி அனுமதி முறையை ஏற்படுத்தியது. மாநிலச் சாலைகள் இதில் அடங்கா. 2016இல் தொடங்கப்பட்ட இந்தியப் பால மேலாண்மை அமைப்பு, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களைப் பட்டியலிட்டது. பாலங்களின் தாங்குதிறன் பற்றிய தகவல் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகக் கிடைக்கும்போதுதான் ஒற்றை அனுமதி நடைமுறைக்கு ஏற்றதாகும்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு நெறியாணை, வழக்கமான வாகனங்களின் அளவுகளை ஒருமுகப்படுத்தியது. பிரிக்க இயலாத பெருஞ்சுமைக்கான சிறப்பு அனுமதியை உறுப்பு நாடுகளிடமே விட்டது. ஆத்திரேலியாவில் 2014ஆம் ஆண்டு முதல், மேற்கு ஆத்திரேலியாவும் வட ஆட்புலமும் நீங்கலாக, தேசியக் கனரக வாகன ஒழுங்காணையம் ஒரே இடத்தில் விண்ணப்பங்களைப் பெறுகிறது. ஆயினும் அனுமதி வழங்குமுன் அந்தந்தச் சாலைக்குப் பொறுப்பான அமைப்பின் ஒப்புதலை அது கேட்டுப் பெறுகிறது. விண்ணப்பதாரர் பல அலுவலகங்களுக்கு அலைவதை இம்முறை தவிர்க்கிறது; பாலத்தின் பாதுகாப்பு குறித்த முடிவு அதன் உரிமையாளரிடமே இருக்கிறது.