சறுக்குப் பலகை வீடியோ விளையாட்டில் உவகை பிறக்கும் இடம்

உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்துரைக்கிறார். செல்வம், புலன், புணர்வு என்னும் மூன்றோடு விளையாட்டையும் அவர் சேர்த்து எண்ணுகிறார். ஆகவே விளையாட்டில் இன்பம் உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அவ்வின்பம் விளையாட்டின் எவ்வுறுப்பிலிருந்து பிறக்கிறது என்பதே ஆராயத்தக்கது. மாணவர்கள் திரைமுன் அமர்ந்து நெடுநேரம் ஆடுவதைக் கண்டு பெற்றோரும் ஆசிரியரும் கடிந்துரைக்கின்றனர். கடிவதற்கு முன்னர், அவர்களை ஈர்த்து நிறுத்துவது யாது என அறிந்துகொள்ளுதல் நலம். அதற்கு ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப் பலகை விளையாட்டைச் சான்றாகக் கொள்வோம்.

தோற்றம்

நான்கு சக்கரங்கள் பொருத்திய சிறு பலகையின்மீது நின்று சறுக்கியும் துள்ளியும் ஆடும் இவ்விளையாட்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்தது. அதனைத் திரைக்குக் கொணர்ந்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று, அட்டாரி கேம்ஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட '720 டிகிரி' ஆகும். ஆயினும் இவ்வகைக்கு இலக்கணம் வகுத்ததாகக் கருதத்தக்கது, நெவர்சாஃப்ட் நிறுவனம் உருவாக்கி ஆக்டிவிஷன் நிறுவனம் 1999இல் பிளேஸ்டேஷன் கருவிக்கு வெளியிட்ட 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்' என்பதாம். டோனி ஹாக் என்பவர் அமெரிக்கச் சறுக்கு வீரர்.

தொடரும் பெருக்கமும்

இதனை ஆடும் முறை எளிது. ஒரு பொத்தான் துள்ளுதற்கு, ஒன்று பலகையைச் சுழற்றுதற்கு, ஒன்று அதனைக் கையாற் பற்றுதற்கு, ஒன்று கம்பியின்மீது உரசிச் செல்லுதற்கு. சிறுவரும் சில நிமிடங்களில் இவற்றைக் கற்றுக்கொள்வர். அருமை, மதிப்பெண் கணக்கிடும் முறையில் உள்ளது.

ஒரு வித்தை முடியுமுன் மற்றொன்றைத் தொடுத்தால் இரண்டும் ஒரே தொடராகக் கொள்ளப்படும். தொடரிலுள்ள வித்தைகளின் மதிப்பெண்களைக் கூட்டி, வித்தைகளின் எண்ணிக்கையால் பெருக்குவர். எடுத்துக்காட்டாக, மூன்று வித்தைகள் சேர்ந்து 1000 மதிப்பெண் பெறுமாயின் தொடரின் மதிப்பு 3000. அதனுடன் 100 மதிப்பெண் மட்டுமே உள்ள சிறு வித்தை ஒன்றைச் சேர்த்தால் கூட்டுத்தொகை 1100. நான்கால் பெருக்க 4400 ஆகும். நூறு சேர்த்தவர் ஆயிரத்து நானூறு பெறுகிறார். ஆனால் இடையில் விழுந்துவிட்டால் தொடர் முழுமைக்கும் மதிப்பெண் இல்லை. வெண்பாவில் ஓரிடத்தே தளை தட்டினால் பாட்டு முழுவதும் வெண்பா என்னும் பெயரை இழப்பது போன்றதே இது.

இங்குதான் உவகை பிறக்கிறது. "பெற்றது போதும்" என்று தரையிறங்குவதா, "இன்னும் ஒன்று" என்று தொடர்வதா என்னும் வினா ஒவ்வொரு நொடியும் எழுகிறது. அவாவும் அடக்கமும் ஆடுவோரின் கைவிரலில் நின்று போரிடுகின்றன. ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதன் மதிப்புக் குறையும் என்னும் விதியும் உண்டு. எனவே பழகியதையே செய்து வெல்லவும் இயலாது.

பின்வந்த பதிப்புகள் இத்தொடரை நீட்டுதற்கே வழி கண்டன. 2000இல் வந்த இரண்டாம் பதிப்பு, இரு சக்கரங்களின்மேல் சமன்செய்து செல்லும் 'மேனுவல்' என்பதைச் சேர்த்தது. சமதரையிலும் தொடர் அறாமல் செல்ல அது பாலமாயிற்று. 2001இல் வந்த மூன்றாம் பதிப்பின் 'ரிவர்ட்', வளைந்த சரிவில் இறங்கிய பின்னும் தொடரைக் காத்தது. அந்தாதியில் ஓரடியின் முடிவு அடுத்த அடிக்கு முதலாவதுபோல, இங்கும் ஒன்றன் இறுதி மற்றொன்றின் தொடக்கமாயிற்று.

விழுதலும் எழுதலும்

உண்மைப் பலகையில் விழுந்தால் எலும்பு முறியும். 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில், டோனி ஹாக் வானில் இரண்டரைச் சுற்றுச் சுழன்றிறங்கும் '900' என்னும் வித்தையை நிறைவேற்றினார். அன்று அவர் பலமுறை விழுந்தார். குறித்த நேரம் கடந்த பின்னரே வெற்றி கண்டார். அவ்வொரு வித்தைக்குப் பின்னே பல்லாண்டு முயற்சியும் காயமும் இருந்தன.

திரையில் விழுந்தவன் இரண்டொரு நொடியில் எழுந்து நிற்கிறான். காயம் நீக்கப்பட்டது, இழப்பு நீக்கப்படவில்லை. இழப்பே இல்லையெனில் வெற்றிக்குச் சுவையில்லை. இழப்பு மிகுதியெனில் மீண்டும் முயல மனம் வாராது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டதே இவ்விளையாட்டை ஆக்கியோரின் திறம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நிமிடமே என்னும் எல்லையும் இதற்குத் துணை. தோற்றவர் இழந்தது இரண்டு நிமிடமே.

மற்றொரு நெறி

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2007இல் வெளியிட்ட 'ஸ்கேட்' வேறு வழியிற் சென்றது. கட்டுப்பாட்டுக் கருவியின் வலப்புறக் குமிழைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் பலகை துள்ளும். தள்ளும் திசை சற்றே சாய்ந்தால் பலகை காலடியிற் சுழலும். இங்கு இலட்சக்கணக்கான மதிப்பெண்ணைவிட, ஒரு படிக்கட்டைச் செவ்வையாகத் தாண்டுதலே பெரிது. ஒரே இடத்தில் ஐம்பது முறை விழுந்து ஐம்பத்தோராம் முறை தாண்டுவோர் உளர். நெறி வேறாயினும், விழுவதும் திருத்திக்கொள்வதும் மீண்டும் முயல்வதும் இரண்டுக்கும் பொதுவாம்.

முடிவுரை

குறுகிய ஆட்டமே நெடும்பொழுதை விழுங்கவும் வல்லது. "இன்னும் இரண்டே நிமிடம்" என்பது இரவை உண்டுவிடும். எனவே பெரியோரின் கவலை காரணமற்றதன்று. போதும் என்று தரையிறங்கும் அடக்கத்தை ஆட்டத்துள் பழகும் மாணவர், ஆட்டத்தை நிறுத்துவதிலும் அதனைப் பழகுதல் வேண்டும்.

ஆசிரியராகிய நாமும் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. திரையில் ஐம்பது முறை வெட்கமின்றித் தவறும் மாணவர், வகுப்பில் ஒருமுறை தவறாக விடைகூற அஞ்சி வாய்மூடி இருக்கிறார். அங்கே தவறு உடனே தெரிகிறது, எவரும் நகைப்பதில்லை, அடுத்த முயற்சி காத்திருக்கிறது. இங்கே தவறு பலநாள் கழித்துச் சிவப்பு மையில் வருகிறது. தவறுதலுக்கு அஞ்சாத வகுப்பறையை நாம் அமைத்துத் தருவோமாயின், விளையாட்டில் பிறக்கும் உவகை கல்வியிலும் பிறக்கும் என்பது திண்ணம்.