விடுதி அறையில் மின்வண்டி

மருதமுனையிலிருந்து தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் தோள் தொட்டு நிற்கும் கரையில், வெளியூரிலிருந்து வந்த உறவினர் பணம் கொடுத்து அறையெடுத்துத் தங்குவது நெடுங்காலம் ஒரு குறையாகவே கருதப்பட்டு வந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள முஸ்லிம் ஊர்களில், மூத்தம்மா வீடு, சாச்சி வீடு, மாமி வீடு என்று விருந்தாளிக்குத் திறந்திருக்கும் கதவுகள் பல. அந்த உபசாரம் இன்றும் குன்றிவிடவில்லை. ஆயினும் இரண்டு கால்களாலும் படியேறி வருவோருக்கே அக்கதவுகள் எளிதில் திறக்கின்றன. மாரி வெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திக் கட்டிய அத்திவாரமும், விறாந்தைக்கு ஏறும் மூன்று நான்கு படிகளும், நடக்க இயலாத ஒருவருக்கு மதில் போன்றவை. ஆகவே, லண்டனிலிருந்தோ கட்டாரிலிருந்தோ மகனோடு ஊர் பார்க்க வரும் முதியவர், உறவினர் பலர் இருந்தும், விடுதி ஒன்றை நாட வேண்டியவராகிறார். அவரோடு அவருடைய மின்வண்டியும் வருகிறது.

மொபிலிட்டி ஸ்கூட்டர் என்று பெயர் பெற்ற இவ்வண்டி, மூன்று அல்லது நான்கு சில்லுகளும், ஓர் இருக்கையும், முன்னே ஒரு கைபிடியும் கொண்டது. பற்றரியின் விசையால் மனிதர் நடக்கும் வேகத்தில் அல்லது அதனிலும் சற்று விரைவாக ஓடுவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடை தளர்ந்த தம் குடும்பத்தவர் ஒருவருக்காக 1968இல் இத்தகைய வண்டி ஒன்றைச் செய்தார். அதன் வழிவந்தவையே இன்று உலகெங்கும் ஓடுகின்றன. முற்றிலும் நடக்க இயலாதோருக்கு மட்டுமன்றி, நாற்பது ஐம்பது அடிகள் நடந்ததும் மூச்சு வாங்கி நிற்போருக்கும் இது பயன்படுகிறது.

பகல் முழுவதும் இவ்வண்டியை எவரும் வியப்போடு பார்ப்பர், உதவியும் செய்வர். சிக்கல் இரவில்தான் தொடங்குகிறது. "வண்டியைக் கீழே காவற்காரரிடம் விட்டுவிடுங்கள், பத்திரமாக இருக்கும்" என்று விடுதிக்காரர் சொல்வது நல்லெண்ணத்தால்தான். மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் இதுவும் நின்றால் என்ன என்பது அவர் கருத்து. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பது போன்றதன்று இது. நள்ளிரவில் குளியலறைக்குப் போகவும், சுபஹுத் தொழுகைக்கு எழுந்து ஆயத்தமாகவும், அபாயம் நேர்ந்தால் வெளியேறவும் அவருக்கு அவ்வண்டியே கால். அதைக் கீழே நிறுத்துவது அவரைக் கட்டிலோடு கட்டி வைப்பதாகும். தவிர, மழைச் சாரலும் உப்புக் காற்றும் படும் திறந்த முற்றத்தில் மின் இணைப்புகள் பச்சை பூத்துக் கெடும்.

அறைக்குள் வண்டி புகுமா என்பது அடுத்த கேள்வி. கழற்றிக் காரில் ஏற்றக்கூடிய சிறு வண்டிகள் ஏறத்தாழ 50 முதல் 55 சென்ரிமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் நீளமும் உடையவை. பெரிய வண்டிகளோ 65 சென்ரிமீற்றருக்கு மேல் அகன்று, ஒன்றரை மீற்றர் வரை நீள்வன. வாசல் நிலையின் அகலத்தை மட்டும் அளந்து திருப்தியடைவது போதாது. குறுகிய நடைபாதையிலிருந்து வண்டி திரும்பி வாசலுக்குள் நுழைய வேண்டும். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையே திரும்பி மீளவும் வேண்டும். மூன்று சில்லு வண்டி சிறிய இடத்தில் திரும்பும். நான்கு சில்லு வண்டி உறுதியானது, ஆனால் திரும்புவதற்குக் கூடிய இடம் கேட்கும். அறை சிறிதெனில் மேசையொன்றை வெளியே எடுத்து வைத்தாலே போதிய இடம் கிடைத்துவிடும். கட்டிலில் அமர்ந்தவாறே கை எட்டும் தூரத்தில், முகப்பு வாசலை நோக்கியிருக்க நிறுத்துவதே உத்தமம். அவசரத்தில் பின்னோக்கி ஓட்டிப் பழகுவது எளிதன்று.

இக்கரையின் பிரதான வீதியில் கீழே கடையும் மேலே அறைகளுமாக அமைந்த கட்டடங்களே மிகுதி. மின்தூக்கி இல்லாத மாடியில் எவ்வளவு நல்ல அறையிருந்தும் இவ்விருந்தினருக்கு அது இல்லாததற்குச் சமம். பெரிய வண்டி நூறு கிலோவையும் தாண்டும்; நால்வர் சேர்ந்து தூக்கி ஏற்றுவது வண்டிக்கும் முதுகுக்கும் கேடு. தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி, வாசலில் உள்ள ஒரு படிக்குச் சாய்தளம் அமைத்தலே வழி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட சாய்வு. ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்துவிட்டு, சாய்தளம் இருக்கிறது என்று சொல்வோரும் உண்டு. அதில் ஏறும் வண்டி பின்புறமாகக் கவிழக்கூடும்.

இது கருணையின் பாற்பட்ட விடயம் மட்டுமன்று. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களின் அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. அவை ஏட்டில் உறங்கியமையால், கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிக்கெட் நடுவராகப் பணியாற்றி வந்த அவர், 1992இல் ஓடிக்கொண்டிருந்த தமது கார் மீது வீதியோர மரம் சாய்ந்ததால் கால்களின் இயக்கத்தை இழந்தவர். புதிய பொதுக் கட்டடங்கள், கழிவறை உட்பட, இயலாமையுடையோர் அணுகத்தக்கனவாக அமைதல் வேண்டும் என்று 2011 ஏப்ரல் 27ஆந் திகதி நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020இல் காலமாகும் வரை அவர் இம்முயற்சியைக் கைவிடவில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகுதியான உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதன்பின் இக்கரையில் புதிதாக எழுந்த கட்டடங்கள் எத்தனையோ. அவற்றின் வாசலில் ஒரு படியைக் குறைப்பதற்கு அன்று அதிகம் செலவாகியிராது.

இனி மின்சாரம். இரவு முழுவதும் வண்டிக்கு மின்னேற்றினால் கட்டணம் ஏறிவிடும் என்பது விடுதிக்காரரின் அச்சம். கணக்கைப் பார்த்தால் அச்சம் நீங்கும். பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட் பற்றரிகள் இரண்டு இணைந்து 24 வோல்ட் தருகின்றன. 40 அம்பியர் மணித்தியாலக் கொள்ளளவுள்ள பற்றரிகள் முற்றாக இறங்கியிருந்தாலும், அவற்றை நிரப்ப ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலான மின்சாரமே வேண்டும். அறையின் குளிரூட்டி ஒன்றரை மணித்தியாலத்தில் அவ்வளவையும் குடித்துவிடும். ஐந்து அம்பியர் மின்னேற்றி இழுப்பது ஏறத்தாழ 150 வாட். தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். வேண்டுவது கனத்த மின்சாரமன்று, நீண்ட நேரம்: எட்டுப் பத்து மணித்தியாலம். இஷாத் தொழுகை முடிந்து இணைத்தால் விடியும்போது நிரம்பியிருக்கும்.

நவீன விடுதிகளில் வாசலருகே அட்டையைச் செருகினால்தான் அறைக்கு மின்சாரம் வரும் ஏற்பாடு ஒன்றுண்டு. விருந்தினர் பகலில் வண்டியை மின்னேற்றவிட்டு, மகனின் காரில் உறவினர் வீட்டுக்குப் போகிறார். அட்டையையும் எடுத்துச் செல்கிறார். திரும்பி வரும்போது பற்றரி போனபடியே இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குரிய மின்வாய் பெரும்பாலும் அட்டைக்குக் கட்டுப்படாதது. அதைப் பயன்படுத்தலாம், அல்லது இரண்டாவது அட்டையைக் கேட்டு வாங்கலாம். வளைகுடாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வருவோரின் சதுர முனைச் செருகி, 13 அம்பியர் மின்வாயுள்ள அறைகளில் நேரே பொருந்தும். பழைய கட்டடங்களில் வட்ட முனை மின்வாய்களே உண்டு. கனடாவிலிருந்து வருவோர் மேலும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அங்கு மின்சாரம் 120 வோல்ட், இங்கு 230 வோல்ட். செருகியை மாற்றும் சிறு கருவி முனையைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. மின்னேற்றியின் முதுகில் 100 முதல் 240 வரை என்று பொறித்திருந்தால் பயமில்லை. 115 என்று மட்டும் இருந்தால் இங்கு செருகியதும் கருகிவிடும்.

தீ பற்றிய கவலை இருக்கிறதே, அதை எள்ளி ஒதுக்கலாகாது. வண்டிகளில் பெரும்பாலும் இருப்பவை மூடி முத்திரையிட்ட ஈயப் பற்றரிகள். முறையான மின்னேற்றியோடு அவை அறைக்குள் அமைதியாக இருப்பவை. இலேசான புதிய வண்டிகளில் உள்ள லித்தியம் பற்றரி வேறு இயல்பினது. அது சிதைந்தாலோ, பொருந்தாத மின்னேற்றியில் இணைத்தாலோ, உள்ளே வெப்பம் வெப்பத்தை வளர்த்து, அணைத்தற்கரிய தீயாகும். இத்தகைய தீவிபத்துகள் காரணமாகவே, தரச்சான்று பெறாத பற்றரியுடைய மின்சைக்கிள் போன்றவற்றை விற்பதற்கு நியூயோர்க் நகரம் 2023இல் தடை விதித்தது. ஆகவே லித்தியம் வண்டியைக் கண்ணெதிரே, விழித்திருக்கும் வேளையில் மின்னேற்றி, நிரம்பியதும் கழற்றிவிடல் நன்று. எவ்வகை வண்டியாயினும் திரைச்சீலையின் கீழும் மெத்தையோரத்திலும் மின்னேற்றியை வைக்கலாகாது. மெல்லிய நீட்டு வயரில் இணைக்கலாகாது. வாசலை மறித்து நிறுத்துவதும், பொது நடைபாதையில் விடுவதும் எல்லோருக்கும் ஆபத்து. விடுதிக்காரர் இவ்விதிகளைக் கேட்டுக்கொள்வது நியாயமே. இவற்றைச் சாட்டாக வைத்து அறையை மறுப்பது நியாயமன்று.

மின்வெட்டும் நினைவில் இருக்கட்டும். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களை எவரும் மறந்திரார். ஈயப் பற்றரியை முற்றாக இறங்கவிட்டு நாட்கணக்கில் வைத்தால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து வலிமை குன்றும். மின்சாரம் உள்ளபோதே, பாதி குறைந்திருந்தாலும், ஏற்றிக்கொள்வது நல்லது.

பணியாளருக்கு ஒரு செய்தி. விசை அணைந்த வண்டியைத் தள்ளினால் அசையாது. மின்தடுப்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பலங்கொண்டு இழுத்தால் பொறி கெடும். பின்புறம் உள்ள சிறு நெம்பை விடுவித்தால் வண்டி இலகுவாக உருளும். தள்ளிய பின் நெம்பைப் பழைய நிலையில் வைத்தாக வேண்டும். மறந்தால், சாய்வான முற்றத்தில் வண்டி தானே ஓடும்.

புறப்படும் நாளில் அறையில் மறந்து விடப்படுவது மின்னேற்றியாகவே இருக்கும். கட்டிலுக்குப் பின்னே கிடப்பது கண்ணில் படாது. பொத்துவில்லுக்கோ மட்டக்களப்புக்கோ போய்ச் சேர்ந்த பின் அதை நினைத்தால், முச்சக்கர வண்டிப் பற்றரிக்குரிய 12 வோல்ட் மின்னேற்றி அதற்கு ஈடாகாது.