வியேக்கெஸ் தீவு: குண்டுவீச்சுக் களம் சரணாலயமான வரலாறு

கரிபியன் கடலில், புவேர்ட்டோ ரிக்கோவின் கிழக்கே, ஏறத்தாழ 33,000 ஏக்கர் பரப்புடைய வியேக்கெஸ் என்னும் சிறு தீவு உள்ளது. கடலாமைகள் முட்டையிடும் மணற்கரைகளும் கண்டற் காடுகளும் கொண்ட வனசீவராசிகள் சரணாலயம் ஒன்று அங்கே இன்று உண்டு. எனினும், அதன் கணிசமான பகுதிக்குள் எவரும் செல்லலாகாது. காரணம் ஆமைகளன்று, மண்ணிலே புதையுண்டு கிடக்கும் வெடிக்காத குண்டுகளே.

1941 முதல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை இத்தீவின் ஏறக்குறைய முக்காற் பங்கைக் கையகப்படுத்தியது. நிலத்தின் பெரும்பகுதி கரும்புத் தோட்ட முதலாளிகள் சிலரின் உடைமையாக இருந்தது. அவர்கள் நட்டஈடு பெற்றனர். அந்நிலத்திற் குடிசையமைத்து வாழ்ந்த தொழிலாளரிடமோ உறுதிப் பத்திரம் இருக்கவில்லை. அவர்கள் தீவின் நடுப்பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். மேற்கே வெடிமருந்துக் களஞ்சியம், கிழக்கே குண்டுவீச்சுக் களம், இடையே மக்கள் என்ற நிலை அறுபது ஆண்டுகள் வரை நீடித்தது.

1999 ஏப்ரல் 19 இல் விமானமொன்று வீசிய குண்டுகள் குறிதவறி வீழ்ந்து, காவற் பணியிலிருந்த தீவுவாசியான டேவிட் சானெஸ் என்பவரைக் கொன்றன. மக்கள் களத்தினுட் புகுந்து பாசறையமைத்து ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கினர். ஈற்றில், 2003 மே 1 இல் கடற்படை வெளியேறியது. இது மக்கள் போராட்டத்தின் வெற்றியே, அதிலே ஐயமில்லை.

ஆயின், நிலம் மக்களை அடைந்ததா என்பதே ஈண்டு நோக்கற்பாலது. மேற்கிலே ஒரு பகுதி 2001 இல் நகரசபைக்குக் கிடைத்தது. கிழக்கிலுள்ள 14,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமோ உள்நாட்டுத் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது, சமஷ்டி அரசின் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றது. குண்டுகள் நேரடியாக வீழ்ந்த ஏறத்தாழ 900 ஏக்கரும், சட்டப்படி, பொதுமக்கள் நுழையாத 'வனாந்தரப் பிரதேசம்' ஆயின. மாசகற்றும் அளவு நிலத்தின் எதிர்காலப் பயன்பாட்டைக் கொண்டே தீர்மானிக்கப்படுவது வழமை. மனிதர் வாழாத நிலத்துக்கு மனிதர் வாழ்வதற்கேற்ற துப்புரவு வேண்டியதில்லையல்லவா? 'இயற்கை' என்ற சொல் இவ்விடத்தில் செலவைக் குறைக்கும் கணக்கியற் பதமாகவும் தொழிற்படுகின்றது.

குண்டுவீச்சுக் களமாக இருந்தமையாலேயே உல்லாச விடுதிகள் அக்கரைகளை அணுகவில்லை என்பதும் உண்மைதான். அதைக்கொண்டு கடற்படையை இயற்கையின் காவலனாகக் காட்டுதல் பொருந்தாது. 1999 பெப்ரவரியில் இங்கே வறிதாக்கிய யுரேனியக் குண்டுகள் சுடப்பட்டதைக் கடற்படையே பின்னர் ஒப்புக்கொண்டது. 2005 இல் இத்தலம் நாட்டின் மிக மாசுற்ற இடங்களின் முன்னுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. துப்புரவுப் பணியின்போதும் பழைய குண்டுகள் திறந்த வெளியிலே வெடிக்க வைக்கப்பட்டன. புகை தம் பக்கம் வருமென மக்கள் எதிர்த்தனர்.