குளிர்காலத்தில் தெற்கே போகும் வீடுகள்

நவம்பர் பிறந்ததும் பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து கேரவன்கள் தெற்கே கிளம்புகின்றன. காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. சொந்த எஞ்சின் கிடையாது. உள்ளே படுக்கை, எரிவாயு அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அடங்கியிருக்கும். அதில் வருபவர்களில் பலர் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். அவர்கள் போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரை. அலிகாந்தே, அல்மேரியா, மாலகா ஆகிய ஊர்களை ஒட்டிய கரையோரத்தில் அவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள்.

அலிகாந்தேயில் ஜனவரிப் பகலில் வெப்பநிலை 17 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் 6, 7 டிகிரிக்கு இறங்கிவிடும். கடல்நீரும் குளிராகவே இருப்பதால் நீந்துபவர்கள் குறைவு. உண்மையில், வடக்கிலிருந்து வருபவர்களை இழுப்பது வெப்பத்தைவிட வெளிச்சம்தான். டிசம்பர் கடைசியில் எடின்பரோவில் பகல் ஏறக்குறைய 7 மணி நேரமே நீடிக்கும், அதுவும் பெரும்பாலும் மேகமூட்டத்தில் கழியும். மாலகாவில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் பகல். வானமும் பல நாள் தெளிவாக இருக்கும்.

வானம் இப்படித் தெளிவாக இருப்பதற்குக் காரணம் மலைகள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழைமேகங்கள் மலைத்தொடர்களின் மேற்குப் புறத்திலேயே பொழிந்து தீர்ந்துவிடுகின்றன. அல்மேரியாவின் காபோ தே காட்டா முனையில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐரோப்பாவின் மிக வறண்ட இடங்களில் அதுவும் ஒன்று. மோத்ரில், அல்முனியேகார் ஊர்களுக்குப் பின்னால் 3,479 மீட்டர் உயர முலாசென் சிகரத்தோடு சியெரா நெவாடா மலை எழுந்து வாடைக்காற்றைத் தடுத்துவிடுகிறது. அதனால் அங்கே அவகாடோவும், மாம்பழமும், சீத்தாப்பழ இனத்தைச் சேர்ந்த செரிமோயாவும் காய்க்கின்றன. வெயிலில் உட்கார்ந்து செரிமோயாவைப் பிட்டுத் தின்றுகொண்டே மலையுச்சியின் பனியை அண்ணாந்து பார்க்கலாம். ஐரோப்பாவில் இது எளிதில் கிடைக்காத வாய்ப்பு.

பிரிட்டனிலிருந்து வருபவர்கள் போர்ட்ஸ்மத்தில் கப்பலேறி, ஒரு நாளுக்கும் மேல் கடலில் போய், சாந்தாந்தேர் அல்லது பில்பாவோவில் இறங்கலாம். மற்றவர்கள் பிரான்ஸ் வழியே வருகிறார்கள். ரோன் பள்ளத்தாக்கின் மிஸ்த்ரால் காற்றும், பெர்பிஞான் பக்கத்துத் திராமோந்தான் காற்றும் கேரவனுக்குப் பகை. எடை குறைந்த உயரமான பெட்டி என்பதால் பக்கவாட்டுக் காற்றில் அது அலையும். பாரமான சாமான்களைத் தரையோடு ஒட்டி, அச்சுக்கு நேர் மேலே வைப்பது அவசியம். பின்பக்கம் எடை கூடினால் வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுத்துவிடும்.

அவர்கள் தங்கும் முகாமில் ஒவ்வொரு கேரவனுக்கும் சரளைக்கல் பரப்பிய இடம் ஒன்றும் மின் இணைப்பும் தருகிறார்கள். மின்சாரத்துக்கு வரம்பு உண்டு: 6 ஆம்பியர் இணைப்பில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட்தான் கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். அனுபவப்பட்டவர்கள் சிறிய கெட்டில் வைத்திருப்பார்கள்; தண்ணீர் கொதிக்கும்வரை ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். எரிவாயுவிலும் கவனம் தேவை. பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாகத் தயங்கும். புரோப்பேனோ மைனஸ் 42 டிகிரிவரை தாங்கும். கரையோரத்தில் ஸ்பெயினின் ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டரே போதும். ஆனால் வழியில் காஸ்தீய பீடபூமியில் உறைபனி இரவு ஒன்றைக் கழிக்க வேண்டுமென்றால் புரோப்பேன் இல்லாமல் அடுப்பு எரியாது.

கடலைப் பார்த்தபடி மணலிலேயே நிறுத்திக்கொள்ளும் ஆசை பலருக்கு உண்டு. 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் அதைத் தடுக்கிறது: கடற்கரையில் முகாமிடவும் கூடாது, அனுமதியின்றி வண்டி நிறுத்தவும் கூடாது. இது நியாயமான தடை. கழிவுநீரைக் கொட்ட வடிகாலோ, கழிப்பறைத் தொட்டியைக் காலிசெய்ய இடமோ இல்லாத கரையில் நூறு வண்டிகள் நின்றால் மணல்மேட்டுச் செடிகள்தான் முதலில் சாகும்.

நீண்ட நாள் தங்குபவர்களுக்கு முகாம்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன. ஆண்டுதோறும் அதே இடத்துக்கு அதே ஆட்கள் வருவதால் பக்கத்து வண்டிக்காரர் பழைய சிநேகிதராகிவிடுகிறார். காலையில் வாரச் சந்தை, மதியம் இரும்புக் குண்டு எறியும் பெத்தாங் விளையாட்டு என்று பொழுது போகிறது. ஜனவரி இறுதியில் அலிகாந்தே பக்கத்து ஹலோன் பள்ளத்தாக்கில் பாதாம் மரங்கள் பூக்கும்போது கார்கள் மட்டும் அங்கே போய்வரும். ஊர் ஊராக ஓடாமல் இப்படி ஓரிடத்தில் நிலைத்துத் தங்குபவர்களே இந்தக் கரையை முழுமையாக அனுபவிக்கிறார்கள்.

2021 முதல் பிரிட்டன்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வந்துள்ளது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் அவர்கள் தங்கக்கூடாது. பிரான்ஸில் கழியும் நாளும் இந்தக் கணக்கில் சேரும். ஈஸ்டர் நெருங்கும்போது முகாம்களின் கட்டணம் உயரத் தொடங்குவதால் மற்றவர்களும் மூட்டை கட்டுகிறார்கள். சிலர் கேரவனை ஊருக்கு இழுத்துப் போவதில்லை. உள்ளூர்க் காப்பகம் ஒன்றில் விட்டு, கோடை வெயிலில் வெடிக்காதபடி டயர்களை மூடிவைத்துவிட்டு, காரை மட்டும் ஓட்டிக்கொண்டு திரும்புகிறார்கள்.