அட்சரங்களில் அடங்கிய மெட்டுகள்

அயர்லாந்து தேசத்துக் கிராமங்களில் பிடிலும் குழலும் வாசித்து வந்த ஜனங்களில் பெரும்பாலோர், ஐந்து கோடுகளின் மேல் புள்ளியிட்டு எழுதும் ஐரோப்பிய ஸ்வரலிபியைப் பார்த்துப் பாடம் செய்தவர்கள் அல்லர். தகப்பனார் வாசிக்கக் கேட்டும், அண்டை வீட்டாரின் விரலசைவைக் கவனித்தும் மெட்டுகளைக் கைவரப் பெற்றவர்கள். அந்தச் சம்பத்தை ஏட்டில் ஏற்றியவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர், கார்க் பிரதேசத்தில் பிறந்து சிகாகோ நகரப் போலீஸ் தலைவராக உயர்ந்த பிரான்ஸிஸ் ஓ'நீல். அவர் வாசித்துக் காட்ட, அதே இலாகாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓ'நீல் ஸ்வரப்படுத்த, 1903-ல் 1850 மெட்டுகள் கொண்ட பெருந்தொகுப்பு வெளிவந்தது. ஆயினும் கோட்டு லிபி அறியாதவனுக்கு அது பூட்டிய பெட்டியாகவே இருந்தது.

அந்தப் பூட்டைத் திறந்தது ஏபிசி லிபி. கிறிஸ் வால்ஷா என்பவர், கோட்டு லிபியைக் கற்பதற்கு முன்பே, 1980-களில் நாடோடி மெட்டுகளை ஆங்கில அட்சரங்களால் குறித்து வைத்தார். 1993 வாக்கில் அவ்வெழுத்துகளைக் கோட்டு லிபியாக மாற்றித்தரும் கணினி நிரலாக அம்முயற்சி முதிர்ந்தது. ச ரி க ம எழுதிப் பழகிய நமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. பெரிய எழுத்துகள் ஒரு ஸ்தாயியையும், சிறிய எழுத்துகள் அதற்கு மேல் ஸ்தாயியையும் குறிக்கும். எழுத்தை ஒட்டி 2 என்று இட்டால் ஸ்வரம் இருமடங்கு நீளும். நம் புத்தகங்களில் கார்வையைக் காட்டும் காற்புள்ளி, அங்கே கீழ் ஸ்தாயிக்கு அடையாளம். தலைப்பில் மெட்டின் பெயரும் தாளமும் வரும். 'டி மேஜர்' என்று ஒருமுறை குறித்துவிட்டால், எஃப், ஸி என்னும் இரண்டையும் அரை ஸ்வரம் உயர்த்தி வாசிக்க வேண்டும் என்பது தானே விளங்கும். திஸ்ர நடையில் துள்ளும் 'ஜிக்' என்னும் நடன மெட்டு, பெரும்பாலும் எட்டெட்டுக் கட்டங்கள் கொண்ட இரண்டே பகுதிகளாதலால், நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். சாதாரணக் கடிதத்தின் நடுவிலேயே அதை எழுதி அனுப்பலாம். ஓ'நீலின் தொகுப்பையும் அபிமானிகள் பங்கிட்டுக்கொண்டு இவ்வாறே தட்டச்சு செய்தனர்.

ஓ'நீலின் நூல் வந்த மறு வருஷம், 1904-ல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிச் சின்னம் உண்டு. ஏபிசியிலோ அலங்காரத்தைக் குறிக்கப் பெரும்பாலும் ஒரு நெளிகோடே போதுமென்று விட்டுவிடுகிறார்கள். கமகமே ராகத்தின் ஜீவனாகிய நம் சங்கீதத்துக்கு இது போதாது. ஐரிஷ் மெட்டுக்கோ இந்த எளிமை, என் அபிப்பிராயத்தில், பெரிய அனுகூலம். அங்கே அலங்காரம் வாசிப்பவனின் சுதந்திரம். அதைத் தேர்ந்தவர்களோடு உட்கார்ந்து காதால்தான் கற்க வேண்டும். ஊருக்கு ஊர் ஒரே மெட்டு மாறி ஒலிப்பதால், கிளேர் பிரதேசத்தார் வாசிப்பதையும் டோனகலார் வாசிப்பதையும் அடுத்தடுத்து எழுதிவைத்துப் பார்த்தால், மூன்றாம் கட்டத்தில் ஒரு ஸ்வரம் பேதப்படுவதும், இரண்டாம் பகுதி வேறு விதமாக எடுப்பதும் பளிச்சென்று புலப்படுகின்றன. கற்பவன் தனக்கு உகந்ததை எடுத்துக்கொள்கிறான்.